சேமவச்சு

புறநானூற்றிலே, ஔவையார் அதியமான் மகனாகிய பொகுட்டெழினியைப் பாடிய பாட்டொன்று உளது. உப்பு வாணிகராகிய உமணர், தம் வண்டியிற் பண்டம் மிகுதியாக ஏற்றியிருத்தலையும் வழி மேடும் பள்ளமுமாகக் கிடத்தலையும் எண்ணி, இடைவழியில் யாது நேருமோ என்று அஞ்சி, பூட்டிய அச்சு முறியுமாயின் உதவுதற்கென வேறோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிக்கொண்டு செல்லும் செய்தி அதன்கண் வருகின்றது. அவ்வச்சுக்குச் சேமவச்சு என்பது பெயர். இப்பாட்டை யாம் வகுப்பில் ஓதினோம், பதவுரை எழுதினோம், உவமை நயத்தைத் தேர்வுக்கென உருப்போட்டோம். ஆயினும் அச்சொல்லின் பொருள் எமக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. கீரனூருக்குத் தெற்கே, தார்ச்சாலையின் ஓரத்தில், பங்குனி மாத வெயிலில்.

சென்ற ஆண்டு எம் வகுப்பினர் பதினொருவர், சித்தன்னவாசல் ஓவியங்களையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் காணும் விருப்பினராய், திருச்சிராப்பள்ளியினின்று ஒரு வாடகை வேனில் ஏறிப் புதுக்கோட்டைச் சாலையிற் புறப்பட்டோம். வண்டி பழையது, ஓட்டியவர் அதற்கு உரியவர், புதுக்கோட்டை மாவட்டத்தினர், ஐம்பது வயதைக் கடந்தவர். அவ்வண்டி ஒன்றே அவர் குடும்பத்துக்குப் பிழைப்பு. புறப்படுமுன் அவர், "ஐந்து நிமிடம் பொறுங்கள் தம்பி, தண்ணீரும் ஆயிலும் பார்த்துவிடுகிறேன்" என்றார். யாமோ முன்னரே நேரம் கழிந்துவிட்டதென்று ஆரவாரித்து, "வழியிற் பார்த்துக்கொள்ளலாம் அண்ணே" என்று அவரை விரைவுபடுத்தினோம். அவரும் சிரித்துக்கொண்டே ஏறி அமர்ந்தார்.

கீரனூர் கடந்து நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணிற்படும் இடத்தில், வெப்பங் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டி நின்றது. முன்மூடியைத் திறக்க ஆவி எழுந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்னும் எம் குரல் அப்பொழுதும் ஓயவில்லை. அவர் தோளிற் கிடந்த துண்டைக் கையிற் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். அடுத்த நொடியில் கொதிநீர் பீறிட்டுப் பாய்ந்து அவர் வலக்கையை மணிக்கட்டு முதல் முழங்கை வரை வேகவைத்தது. யாம் செய்வதறியாது நின்றோம். ஒருவர் மையைத் தடவுக என்றார். மற்றொருவர் பற்பசை என்றார். நல்வினைப் பயனாக அவ்வழியே வந்த லாரியொன்று நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து, ஒன்றும் பேசாது, தம் தண்ணீர்க் கேனைத் தூக்கி அக்கையின்மேல் சிறுகச் சிறுக ஊற்றத் தொடங்கினார். எம்முள் ஒருவர், "எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டாமா?" என்று வினவ, அவர், "எஞ்சின் காத்திருக்கும் தம்பி, கை காத்திருக்காது" என்று விடையிறுத்தார்.

அன்று சித்தன்னவாசல் காணாமலே திரும்பினோம். ஆனால் மருத்துவமனை விசிப்பலகையில் அமர்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் எம் அறியாமையின் அளவைக் கண்டோம். நாள்தோறும் வண்டியில் ஏறும் யாம் வண்டியைப்பற்றி ஒன்றும் அறியோம். அதன்பின் ஓட்டுநர்களையும் பட்டறைத் தொழிலாளரையும் வினவியும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றுள், பொதுமக்கள் அடிக்கடி எழுப்பும் ஐயங்களுக்கு உரியனவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம். பௌதிகம் பயிலும் நண்பர்கள் எம் கூற்றிற் குற்றங் காணின் பொறுத்துத் திருத்துவாராக.

1. வெப்பமும் நீரும்

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தை உருட்டப் பயன்படும். எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாய்ப் புகைக்குழாய் வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வெளியேறும். அந்நீர் எஞ்சினைச் சுற்றிவந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிற் புகுந்து காற்றினால் ஆறி மீளும். செவ்வையாக ஓடும் எஞ்சினில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 90 பாகை செல்சியசில் நிற்கும்.

மூடியைத் திறந்தவுடன் நீர் பாய்வதேன் என்பது வினா. திறந்த பானையில் நீர் 100 பாகையிற் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ வில்லினால் இறுகி, உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கும். காற்றுமண்டல அழுத்தத்துக்கு மேலும் அத்துணை அழுத்தம் சேருமாயின், நீர் கொதிக்க ஏறத்தாழ 120 பாகை வேண்டும். இஃது எஞ்சினுக்கு நன்மையே. ஆனால் 110 பாகையிற் கொதியாது அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணமே ஆவியாகிச் சீறியெழும். எனவே சுடும் எஞ்சினின் மூடியைத் திறத்தல் அடைபட்ட புலியைத் திறந்துவிடுதலை ஒக்கும். குறைந்தது அரைமணி நேரம் பொறுத்தல் வேண்டும். மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்கும் அளவு ஆறிய பின்னரே, தடித்த துணியை மூடியின்மேல் இட்டு, முகத்தை அப்பால் விலக்கி, முதற் படிவரை மெல்லத் திருகி, அழுத்தம் முழுதும் போனபின் எடுத்தல் வேண்டும்.

முள் ஏறும்பொழுது செய்யத்தக்கன யாவை? முதலிற் குளிர்சாதனத்தை நிறுத்துக. வண்டியில் வெப்பமூட்டி இருப்பின் அதனை முழுதும் திறந்துவிடுக. நம் நாட்டில் அதனைத் தொடுவார் இலர். ஆயினும் அஃது எஞ்சினின் வெப்பத்தைச் சிறிது வாங்கி வெளியே விடும் இரண்டாவது ரேடியேட்டராய் உதவும். பின் நிழலுள்ள ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க. நீர் வற்றிச் சுடும் எஞ்சினில் தண்ணீரைச் சடுதியில் ஊற்றலாகாது. ஊற்றின் உலோகம் கோணும், அன்றிப் பிளக்கும்.

புதுக்கோட்டைச் சீமை பாறைநிலம். ஆழ்துளைக் கிணற்று நீர் பலவிடத்து உப்பு மிக்கது. அந்நீரையே நாள்தோறும் ஊற்றி வருவோர் ரேடியேட்டரில், சோறு வடிக்கும் பானையின் அடியிற் படிவது போன்று வெண்படிவு படிந்து குழாய்களை அடைக்கும். "பனி பெய்யாத ஊரில் கூலண்ட் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். பனியுறைதலைத் தடுப்பது அதன் தொழில்களுள் ஒன்றேயாம். துருவைத் தடுத்தலும் கொதிநிலையை உயர்த்தலும் நமக்கு வேண்டிய ஏனைய தொழில்கள். அதனைக் குறித்த அளவிற் காய்ச்சி வடித்த நீரோடு கலந்து ஊற்றுதலே முறை. வெப்பங்காட்டிக் கதவாகிய தெர்மோஸ்டாட்டை "சூடு ஏறாது" என்று கழற்றி எறிதலும் தவறு. எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாது எரிபொருளை வீணாக்கும்.

எம் வண்டிக்கு நேர்ந்த கேடு யாதெனில், குழாயை இறுக்கும் வளையம் ஒன்று துருவேறித் தளர்ந்து நீர் கசிந்தமையே. அவ்வளையத்தின் விலை ஒரு வேளைச் சோற்றின் விலையினும் குறைவு. அதனைக் காணாது ஓடியதால் எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடைப்பட்ட கேஸ்கெட் எரிந்தது. அதனைச் செப்பஞ் செய்ய அவ்வோட்டுநர்க்குப் பல வார வருவாய் செலவாயிற்று. அவர் பார்க்க விரும்பிய ஐந்து நிமிடத்தின் விலை அஃது.

கொதிநீர் பட்ட இடத்துக்குச் செய்யவேண்டுவதும் ஈண்டே கூறுதும். ஓடும் குளிர்ந்த தூய நீரில் குறைந்தது 20 நிமிடம் அவ்விடத்தை நனைத்தல் வேண்டும். மோதிரம், கடிகாரம் முதலியவற்றை வீங்குமுன் கழற்றுக. மை, பற்பசை, வெண்ணெய், மாவு ஆகியன தடவற்க. கொப்புளத்தை உடைக்கற்க. தூய துணியால் மூடி மருத்துவரிடம் செல்க.

2. எண்ணெய்

பரிசுத்த வேதாகமத்தில் பத்துக் கன்னியர் உவமையை அறியாதார் இக்கல்லூரியில் இலர். விளக்கு ஐவரிடத்தும் ஐவரிடத்தும் ஒத்திருந்தது, எண்ணெய்தான் ஒத்திருந்திலது. மோட்டார் வண்டிக்கும் இவ்வுவமை பொருந்தும். எண்ணெய் தீர்ந்த எஞ்சின் சில நிமிடத்தில் இரும்பு இரும்போடு உராய்ந்து இறுகிப் பயனற்றுப்போம்.

அளக்கும் முறை எளிது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் செலுத்தி எடுத்துப் பார்க்க. எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே நிற்றல் வேண்டும். கீழ்க்குறிக்குத் தாழ்தல் தீது. மேற்குறியைக் கடத்தலும் தீதே. எண்ணெய் கறுத்திருப்பின் கெட்டதென்று கருதுவர் பலர். டீசல் எஞ்சினில் மாற்றிய சில நாளிலேயே கரித்துகளால் எண்ணெய் கறுக்கும்; அது தன் தொழிலைச் செய்கிறது என்பதே அதன் பொருள். பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருப்பதே அஞ்சத்தக்கது. நீர் எண்ணெயோடு கலந்ததென்பதற்கு அஃது அடையாளமாகலாம். எம் வேனில் கண்டது அதுவே.

மாற்றுங் காலம் வண்டியோடு தரும் கையேட்டில் உளது. பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் முந்துவது கணக்கு. ஆண்டு முழுதும் கொட்டகையில் நின்ற வண்டிக்கும் இது பொருந்தும். முகப்பில் எண்ணெய்க் கிண்டி வடிவில் ஒரு சிவப்பு விளக்கு எரியுமாயின், "பட்டறை வரை போய்விடலாம்" என்று எண்ணற்க. அக்கணமே ஓரங்கட்டி அணைக்க. பொதுவாகச் சிவப்பு விளக்கு "நில்" என்றும், மஞ்சள் விளக்கு "விரைவிற் காட்டு" என்றும் கூறுவனவாகக் கொள்ளலாம்.

3. சக்கரமும் காற்றும்

காற்றடைத்த டயரைத் தொழின்முறையில் வெற்றிபெறச் செய்தவர் டன்லப் என்பார், ஆண்டு 1888. அவ்வாண்டினின்று இன்றுவரை ஓட்டுநரிடையே வழங்கிவரும் ஐயம் ஒன்றுண்டு. கோடையிற் காற்றைக் குறைத்து வைக்கவேண்டுமா? புதுக்கோட்டைச் சாலையோரக் கடைகளில் யாம் வினவியவருள் பலர், "சித்திரை வைகாசியில் இரண்டு மூன்று குறைத்தே பிடிப்போம், இல்லையேல் வெடிக்கும்" என்றனர். பார்வைக்கு இது சரியென்றே தோன்றும். ஆனால் உண்மை இதற்கு மாறானது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடிந்து விரியும். கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் அது சுடுதலைச் சிறுவரும் அறிவர். அங்ஙனமே டயரும் சுட்டு, உள்ளிழை நைந்து, விரைவோட்டத்தில் வெடிக்கும். வெயிலால் ஏறும் சிறிதளவு அழுத்தத்தைத் தாங்குமாறே டயரை அமைத்துள்ளனர். ஆதலின் குறித்த அளவைக் குளிர்ந்த நிலையில், அதாவது காலையில் ஓட்டத் தொடங்குமுன், பிடித்தலே முறை. அவ்வளவு ஓட்டுநர் கதவின் நிலையிலோ கையேட்டிலோ எழுதப்பட்டிருக்கும். சிறு கார்களுக்குப் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 ராத்தல்.

ஏற்றத்தின் அளவும் கருதத்தக்கது. மயிலிறகேயாயினும் மிக ஏற்றினால் அச்சு முறியும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். ஒன்பதின்மர்க்குரிய வண்டியிற் பதினொருவர் ஏறிய யாம் அதிகாரத்தை மட்டும் மனப்பாடஞ் செய்திருந்தோம்.

டயர் தேய்ந்ததை அறிதற்குப் பள்ளங்களின் அடியிற் சிறு மேடுகள் உள. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு அம்மேடுகளோடு சமமாயின் மாற்றுதல் வேண்டும். வயதை அறிதற்குப் பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருப்பின் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்ததென்று பொருள். பழைய டயரைப் புதியதென்று வாங்கி ஏமாறாதிருக்க இவ்வெண்ணைப் படித்தறிதல் நன்று.

இனி, மாற்றுச் சக்கரம். இதனை நம் ஓட்டுநர் யாவரும் ஸ்டெப்னி என்பர். தமிழ் பயில்வார்க்கு இச்சொல் வரலாறு சுவையுடையது. தொடக்க காலத்துக் கார்கள் மாற்றுச் சக்கரமின்றியே செய்யப்பட்டன. 1904 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊரில் டேவிஸ் என்பார் மாற்றுச் சக்கரம் ஒன்றை அமைத்தார். அவர் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னித் தெரு. அத்தெருப்பெயரே பொருட்பெயராயிற்று. ஆங்கில நாட்டில் அச்சொல் வழக்கொழிந்தது. ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் இன்றும் உயிரோடிருக்கின்றது. அச்சொல்லை நீக்கவேண்டுவதில்லை என்பது எம் கருத்து. ஆயினும், அப்பொருளுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே உமணர் வைத்த பெயர் சேமவச்சு என்பதையும் நம் ஓட்டுநர் அறிதல் நன்று.

காற்றிழந்த ஸ்டெப்னி சேமவச்சு ஆகாது. மாதம் ஒருமுறை நான்கு சக்கரங்களைப் பார்ப்போர் ஐந்தாவதையும் பார்ப்பாராக. வேறொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 2020 ஆம் ஆண்டில் இந்திய அரசு விதியைத் திருத்தி, டியூபில்லாத டயரும், துளையடைக்கும் கருவியும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் உடைய சிறு வண்டிகட்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமன்று என்றது. ஆதலின் புதிய கார் வாங்குவோர் பின்பெட்டியைத் திறந்து ஸ்டெப்னி உண்டா, இல்லையேல் அடைக்கும் கருவி எங்குளது என்று முதல் நாளே கண்டுகொள்க.

4. மின்கலம்

"செல்ஃப் எடுக்கவில்லை" என்பது காலைவேளையில் யாண்டும் கேட்கும் முறையீடு. சாவியைத் திருப்ப யாதோர் ஒலியும் விளக்கும் இன்றேல், மின்கலம் முழுதும் வற்றியிருக்கலாம், அன்றி முனையின் இணைப்பு விட்டிருக்கலாம். விளக்கு மங்கிக் "கடகட" என்னும் ஒலி எழின் மின்வலி குறைவு. விளக்கு நன்கு எரிந்தும் ஒரே ஒரு "டக்" ஒலியோடு நிற்பின் குற்றம் செல்ஃப் மோட்டாரின்கண் இருக்கலாம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் எரியாதாயின் மின்கலத்தை நோதல் வேண்டா. எரிபொருளையும் பொறியையும் ஆராய்க.

கார் மின்கலத்தில் ஈயத்தாலாகிய ஆறு அறைகள் உள. முழுதும் நிரம்பி ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட்டு காட்டும். குளிர்நாட்டார் பனிக்காலத்தில் மின்கலம் கெடும் என்பர். நம் நாட்டில் அதனை அழிப்பது கோடை வெப்பமே. முனைகளிற் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவைச் சமையற் சோடா கரைத்த நீராற் கழுவித் துடைத்தாலே பல வண்டிகள் உயிர்பெறும்.

பிற வண்டியினின்று கம்பியிட்டு உயிர்ப்பிக்கும்பொழுது ஒழுங்கு தவறலாகாது. முதலிற் சிவப்புக் கம்பியை வற்றிய கலத்தின் நேர்முனையிலும், பின் நல்ல கலத்தின் நேர்முனையிலும் பூட்டுக. அதன்பின் கறுப்புக் கம்பியை நல்ல கலத்தின் எதிர்முனையிற் பூட்டி, மறுமுனையை வற்றிய வண்டியின் எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில், மின்கலத்துக்கு எட்டப் பூட்டுக. மின்கலத்தினின்று நீரகம் என்னும் எரிவாயு எழுதலின், அதன் அருகிற் பொறி தெறித்தல் கூடாது என்பதே இதன் காரணம்.

5. எரிபொருள்

"முன்போல மைலேஜ் தரவில்லை" என்பது இக்காலத்தில் எழுந்த புதிய முறையீடு. 2025 ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு என்னும் அளவை எட்டியது. கரும்பு, மக்காச்சோளம், நொய்யரிசி முதலியவற்றினின்று வடிக்கப்படும் எத்தனாலில், அளவுக்கு அளவு பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே உளது. எனவே 20 விழுக்காடு கலந்த எரிபொருளில் ஆற்றல் கணக்களவில் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். இதன்மேலும் பெரிதாகக் குறையுமாயின் பழியைப் பெட்ரோலின்மேல் மட்டும் ஏற்றாது, டயர்க் காற்று, அடைபட்ட காற்றுவடிகட்டி, இழுத்துப் பிடிக்கும் பிரேக்கு இவற்றையும் ஆராய்தல் வேண்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பிற்று. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களையும் நலியச் செய்யலாம். பழைய வண்டியுடையோர் அக்குழாய்களை ஆண்டுதோறும் பார்த்து மாற்றுதலும், பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கிவையாமையும் நன்று.

எரிபொருட் கவலை நம் முன்னோர்க்கும் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பெட்ரோல் அரிதாயபொழுது, தென்னாட்டிற் பேருந்துத் தொழிலுக்கு அடிகோலிய டி. வி. சுந்தரம் அய்யங்கார், கரியினின்று எழும் வாயுவால் வண்டியோட்டும் கருவியைச் செய்தளித்தார். இடர் வந்த காலத்து ஓடாது நிற்பதும், மாற்றுக் கண்டு ஓடுவதும் மக்கள் அறிவின்பாற்பட்டன.

6. மழையும் களமும்

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்கள் நிறைந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் அவை மறுகால் பாய்ந்தால் தாழ்ந்த சாலைகள் நீரில் மூழ்கும். ஆழம் அறியாத நீரில் வண்டியை இறக்கற்க. காற்றுவாய் வழியே நீர் எஞ்சினுட் புகின், நீர் காற்றைப்போல் அமுங்காமையின் உள்தண்டு வளையும். நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் முடுக்குதலே பெருங்கேட்டுக்கு வாயில். தள்ளி அல்லது இழுத்துக் கரை சேர்க்க. நீரைக் கடந்தபின் பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து உலர்த்திச் செல்க. 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் கஜா புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபொழுது மரங்கள் வீழ்ந்து சாலைகள் அடைபட்டன. மழைக்காலத்தில் எரிபொருளைப் பாதிக்குக் கீழ் இறங்கவிடாது வைத்தல் நலம் என்பதற்கு அந்நாளே சான்று.

அறுவடைக் காலத்தில் வேறோர் இடர் உண்டு. களமின்மையாற் கொள்ளுச் செடியையும் கதிரையும் சாலையிற் பரப்பி, ஓடும் வண்டிகளால் மிதிபடச் செய்தல் நம் ஊர்களில் வழக்கம். அத்தாள்கள் அச்சைச் சுற்றிக்கொண்டு சுடும் புகைக்குழாயிற் பட்டால் தீப்பற்றும். கடந்தபின் எரிமணம் வீசின் வண்டியை நிறுத்தி அடியிற் குனிந்து பார்க்க. தாளின்மேல் வண்டியை நிறுத்தற்க.

7. முடிவுரை

கைதேர்ந்தவர்க்கே இவையெல்லாம் கூடும் என்று கருதுதல் வேண்டா. 1888 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்றுசக்கர மோட்டார் வண்டியில் தம் மைந்தர் இருவரோடு, மன்னைமினின்று போர்சைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்தார். நெடுவழி சென்ற முதல் மோட்டார்ப் பயணம் அதுவே என்பர். எரிபொருட் குழாய் அடைபட, தம் தொப்பி ஊசியாற் குத்தித் திறந்தார். எரிபொருள் தீர, மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக்குக் கட்டை தேய, சக்கிலியர் ஒருவரைக்கொண்டு தோல் தைப்பித்தார். குளிர்நீர் கொதித்து வற்றவற்ற வழியெங்கும் நீர் நிரப்பினார். இயந்திரப் பள்ளியிற் பயின்றவரல்லர் அவர். ஓடும் பொருளை உற்று நோக்கும் வழக்கமுடையவர்.

அவ்வழக்கமே யாம் வேண்டுவது. நீர், எண்ணெய், காற்று, மின்கலம், விளக்கு, பிரேக்கு என்னும் ஆறனையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஓட்டுநர் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்கும்பொழுது மறாதிருத்தல் ஏறியிருப்பார் கடமை.

எம் ஓட்டுநரின் கை ஆறிற்று, தழும்பு மாறவில்லை. யாம் திரட்டிக் கொடுத்த சிறு தொகையை அவர் நன்கொடையாக ஏற்க மறுத்து, அடுத்த பயணத்துக்கு முன்பணமாகப் பெற்றுக்கொண்டார். ஆவணித் திங்களில், இம்முறை ஒன்பதின்மராய், அவர் வண்டியிலேயே புறப்பட்டோம். மருத்துவமனையில் யாம் அவர்க்குச் சொல்லியிருந்த உமணர் கதையை அவர் மறந்திலர். முன்மூடியைத் திறந்து, எம்மை ஒவ்வொருவராக அழைத்து நீரின் அளவைக் காணச் செய்தார். பின்பு பின்கதவைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டிக்காட்டி, "பாட்டில் வரும் அச்சு இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள் தம்பிகளா. இப்பொழுது போகலாமா?" என்றார்.

யாவரும் பார்த்தோம். அதன்பின்னரே ஏறினோம். அன்று சித்தன்னவாசலும் கண்டோம், குடுமியான்மலையும் கண்டோம்.